உயர்தரத்துக்குப் பிறகு: இந்தியப் புலமைப்பரிசிலா, சொந்தக் காசில் தமிழ்நாடா, டெல்லி சார்க் பல்கலைக்கழகமா, உள்ளூர் என்.வி.கியூ.வா?

உயர்தரப் பெறுபேறு வந்து, வெட்டுப்புள்ளி இன்னும் வராமல் இருக்கிற அந்த மாதங்களில்தான் இந்தக் கேள்வி எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி விளிம்பில் நிற்கிறது, கம்பஸ் கிடைக்குமா தெரியாது, மாமா சென்னையில் ஒரு கல்லூரி இருக்கிறது என்கிறார், டியூட்டரி சேர் இந்தியத் தூதரகப் புலமைப்பரிசிலுக்குப் போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணா கிளிநொச்சி ஜேர்மன் டெக்கில் என்.வி.கியூ. என்கிற தேசியத் தொழில் தகைமை படித்துவிட்டு நல்லாகத்தான் இருக்கிறார். எதைப் பிடிப்பது?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விரும்பிய பாடத்துக்கு அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கிற நிலையில் நீங்கள் இருந்தால் அதை எடுங்கள். கட்டணம் இல்லை, வீட்டு நிலையைப் பொறுத்து மகாபொல உதவித்தொகை கிடைக்கும், பட்டத்தை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. இந்தக் கட்டுரை, அந்த இடம் கிடைக்காதவர்களுக்கும், கிடைத்த பாடம் பிடிக்காதவர்களுக்கும். மருத்துவத்தையும் விட்டுவிடுகிறேன். இந்தியாவில் எம்.பி.பி.எஸ். படிக்க வெளிநாட்டவருக்கும் நீட் நுழைவுத் தேர்வு வேண்டும், தூதரகப் புலமைப்பரிசில் மருத்துவத்துக்கு இல்லை, திரும்பி வந்தால் இலங்கை மருத்துவச் சபையின் தகுதிப் பரீட்சை காத்திருக்கும். அது வேறு கதை.

## எதை வைத்து அளப்பது

எங்கள் ஆட்கள் பெரும்பாலும் "எந்த நாடு, எந்தக் கல்லூரி, என்ன பெயர்" என்ற வரிசையில் யோசிக்கிறார்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முதல் கேள்வி, படித்து முடித்துத் திரும்பி வரும்போது அந்தக் காகிதத்தை இங்கே யார் ஏற்றுக்கொள்வார்கள் என்பது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவா, பொறியியலாளர் நிறுவனமா, அரச வேலை விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கிற எழுதுவினைஞரா? மூன்றும் ஒன்றல்ல. ஒருவர் ஏற்றதை மற்றவர் ஏற்காத சம்பவங்கள் நிறைய.

இரண்டாவது காசு. மொத்தச் செலவைச் சொல்லவில்லை, அதை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். முதல் நான்கைந்து மாதங்களில் கையில் எவ்வளவு இருக்க வேண்டும், நாணய மாற்று ஆடினால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன். மூன்றாவது காலம்: வீட்டில் சும்மா இருக்கப்போகும் மாதங்கள். நான்காவது, இடையில் உடைந்தால் கையில் என்ன மிஞ்சும்? இரண்டு வருடம் படித்து நிறுத்தினால் ஒரு சான்றிதழாவது தருவார்களா, வெறுங்கையோடு வர வேண்டுமா? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெற்றோர் கேட்பதே இல்லை, கேட்டால் அபசகுனம் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

## இந்திய அரசின் புலமைப்பரிசில் (ஐ.சி.சி.ஆர்.)

இந்தியக் கலாசார உறவுகளுக்கான பேரவை வழங்குவது. இலங்கையருக்கென்று தனித்தனிப் பெயர்களில் திட்டங்கள் உண்டு: இளநிலைப் பட்டத்துக்கு நேரு நினைவுத் திட்டம், தகவல் தொழில்நுட்பத்தில் பி.இ., பி.டெக். படிக்க ராஜீவ் காந்தி திட்டம், முதுநிலைக்கு மௌலானா ஆசாத் திட்டம். விண்ணப்பம் ஏ2ஏ என்ற இணையத்தளம் வழியாக, இலவசமாக. தெரிவில் எங்கள் கல்வி அமைச்சும் கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயமும் சேர்ந்து வேலை செய்கின்றன. இடையில் ஏஜென்ட் என்று யாராவது காசு கேட்டால் அவருக்கு இதில் ஒரு வேலையும் கிடையாது, எழுந்து வாருங்கள்.

கிடைத்தால் நல்ல ஏற்பாடு, அதை மறுக்க முடியாது. கல்விக் கட்டணம் முழுவதும், மாதாந்த உதவித்தொகை, வீட்டு வாடகைப் படி, விமானச்சீட்டு. அண்மைய விகிதத்தில் இளநிலை மாணவருக்கு மாதம் 18,000 இந்திய ரூபாயும் ஊரைப் பொறுத்து 5,500 அல்லது 6,500 ரூபாய் வாடகையும். கோயம்புத்தூர், திருச்சி மாதிரி ஊர்களில் விடுதியில் இருந்தால் இதில் தாராளமாக ஓட்டலாம். டெல்லி, பெங்களூரில் வெளியே அறை எடுத்தால் இறுக்கம்.

ஆனால் அந்தத் தொகை முதல் நாளே கைக்கு வருவதில்லை. போய்ச் சேர்ந்து, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் 14 நாட்களுக்குள் பதிந்து, அந்தக் காகிதத்தோடு வங்கிக் கணக்குத் திறந்து, கல்லூரி சேர்ந்ததாக உறுதிக் கடிதம் கொடுத்து, அது ஐ.சி.சி.ஆர். பிராந்திய அலுவலகத்துக்குப் போய், பிறகுதான் காசு. அதற்குள் விடுதி முற்பணம், மெஸ், போர்வை, வாளி, சிம் என்று எல்லாம் உங்கள் தலையில். மருத்துவக் காப்புறுதியையும் நீங்களே எடுக்க வேண்டும். ஆகவே "முழுப் புலமைப்பரிசில்" என்ற சொல்லை நம்பி வெறுங்கையோடு விமானம் ஏறாதீர்கள், மூன்று நான்கு மாதச் செலவு கையில் இருக்கட்டும். மாணவர் விசாவில் வேலை செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். பகுதிநேர வேலை செய்து சமாளிப்பேன் என்ற கனடா, ஆஸ்திரேலியா நினைப்பு இந்தியாவில் எடுபடாது.

இன்னொரு சிக்கல் நாட்காட்டி. இந்தியக் கல்வியாண்டு ஜூலை, ஆகஸ்ட்டில் தொடங்கும், விண்ணப்பம் அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் திறக்கும். எங்கள் பரீட்சை எப்போது நடக்கும், பெறுபேறு எப்போது வரும் என்பதோ கொரோனாவுக்குப் பிறகு யாருக்கும் பிடிபடாத விஷயம்: 2022 ஆம் ஆண்டுக்கான உயர்தரம் 2023 தொடக்கத்தில் நடந்து பெறுபேறு அந்த வருடம் செப்டம்பரில் வந்தது, 2023 க்கானது 2024 மே கடைசியில், 2024 க்கானது 2025 ஏப்ரலில். சில வருடம் பொருந்தும், சில வருடம் ஒரு முழு ஆண்டு போய்விடும். அந்த ஆண்டை எப்படிக் கழிப்பது என்று இப்போதே யோசிக்க வேண்டும். கீழே என்.வி.கியூ. பற்றிச் சொல்லும்போது இதற்குத் திரும்புகிறேன்.

விண்ணப்பத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களைத் தெரிவு செய்யலாம். ஐந்தையும் தமிழ்நாட்டில் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம். தமிழ் பேசுகிற ஊர், வீட்டுச் சாப்பாடு, யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு நேர் விமானம், எல்லாம் சரிதான், ஆனால் எல்லோரும் அதையே கேட்பதால் போட்டியும் அங்கேதான். புனே, மைசூர், ஹைதராபாத் ஒன்றிரண்டு சேர்த்துக் கொள்ளுங்கள். வகுப்பு எங்கேயும் ஆங்கிலத்தில்தான், தமிழ் மொழிமூலத்தில் உயர்தரம் செய்தவருக்கு முதல் செமஸ்டர் சென்னையிலும் கஷ்டம், புனேயிலும் கஷ்டம். சேர்ந்த பிறகு பாடத்தையோ கல்லூரியையோ மாற்ற விடமாட்டார்கள், தொடர்ந்து சித்தியடையாவிட்டால் உதவித்தொகை நிற்கும். பொறியியல் கேட்பவர்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகம், இரசாயனம் மூன்றும் செய்திருக்க வேண்டும்.

இப்போது அங்கீகாரம், இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். மானியங்கள் ஆணைக்குழு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றை ஏற்பதற்கு, அது பொதுநலவாய அல்லது சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கிறதா என்று பார்க்கும். இந்தியாவின் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு அது பிரச்சினையில்லை. பிரச்சினை பட்டத்தின் நீளம். இந்தியாவில் பி.எஸ்சி., பி.காம்., பி.ஏ. பாரம்பரியமாக மூன்று வருடம். இங்கே எங்கள் தகைமைச் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டம், நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஆறாம் மட்டம். விரிவுரையாளராக வர வேண்டும், ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் இந்த ஒரு மட்டம் உங்களை வாசலில் நிறுத்திவிடும். இந்தியாவின் 2020 கல்விக் கொள்கைக்குப் பிறகு பல இடங்களில் நான்காம் வருடம் ஆனர்ஸ் வந்திருக்கிறது. விண்ணப்பிக்கும் கல்லூரியில் அது நடைமுறையில் இருக்கிறதா, புலமைப்பரிசில் நான்காம் வருடத்துக்கும் வருமா என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் "இருக்கு சார்" என்று சொல்வது பதில் ஆகாது.

யாருக்கு இது சரி: புள்ளி நல்லது, ஆனால் மாவட்ட வெட்டுப்புள்ளி மயிரிழையில் தவறிப்போனது, வீட்டில் மாதாமாதம் அனுப்பக் காசில்லை, ஆனால் முதல் சில மாதங்களுக்குப் புரட்ட முடியும் என்ற குடும்பத்துப் பிள்ளைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

## சொந்தக் காசில் தமிழ்நாடு

கிட்டத்தட்ட அதே கல்லூரிகள், அதே பட்டம், ஆனால் செலவு உங்களுடையது. இதில் கிடைக்கும் ஒரே பெரிய நன்மை நிச்சயம்: காசு கட்டினால் இடம், காத்திருப்பு குறைவு, ஊரையும் பாடத்தையும் நீங்களே தெரிவு செய்யலாம்.

மறைந்திருக்கும் செலவு நாணய மாற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் இந்திய ரூபாய் ஏறக்குறைய 2 ரூபாய் 70 சதம். ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்து, மே வரும்போது நாலரை ரூபாயைத் தாண்டிவிட்டது. அதாவது ஒரு லட்சம் இந்திய ரூபாய்க் கட்டணம், கல்லூரி ஒரு சதமும் கூட்டாமல், இரண்டே மாதத்தில் 2 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து நாலரை லட்சத்துக்கு மேல். அந்த வருடம் படிப்பை நிறுத்திவிட்டு வந்தவர்களுக்கு எந்தக் காகிதமும் மிஞ்சவில்லை. மறுபடி அப்படி நடக்குமா என்று கேட்காதீர்கள், நடந்தால் மூன்றாம் வருடக் கட்டணம் எங்கிருந்து வரும் என்று உங்களையே கேளுங்கள். வெளிநாட்டில் உறவினர் டொலரிலோ பவுண்ஸிலோ அனுப்புகிற வீடுகளுக்கு இந்த ஆபத்து இல்லை. உண்மையில் இந்த வழி அவர்களுக்குத்தான்.

பொறியியலுக்குப் போகிறவர்கள் ஒன்றை வடிவாகக் கவனிக்க வேண்டும். வாஷிங்டன் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, அதில் உள்ள நாடுகள் ஒன்று மற்றொன்றின் பொறியியல் பட்டங்களை ஏற்கும். இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் இந்தியாவின் தேசியத் தர அங்கீகார வாரியமும் இரண்டும் 2014 இல்தான் அதில் முழு உறுப்பினர் ஆகின. கேட்கும்போது சந்தோஷமாக இருக்கிறது, ஆனால் இந்தியப் பக்கத்தில் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற கற்கைநெறிகளுக்கு மட்டும்தான் அந்த உடன்படிக்கை செல்லும். முதல் அடுக்கு என்றால் பல்கலைக்கழகத் துறைகளும் தன்னாட்சிக் கல்லூரிகளும். அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரிகள் இரண்டாம் அடுக்கில் வருகின்றன, பட்டச் சான்றிதழில் அண்ணா பல்கலைக்கழகம் என்றுதான் இருக்கும், ஆனால் பட்டயப் பொறியியலாளர் ஆகப் போகும்போது அந்தப் பெயர் உதவாது. அங்கீகாரம் கல்லூரிக்கு இல்லை, ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட வருடங்களுக்குத்தான். மெக்கானிக்கலுக்கு இருக்கும், அதே கட்டடத்தில் சிவிலுக்கு இருக்காது.

கல்லூரி முகவர்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. "எங்கள் மூலம் போனால் கட்டணம் குறைவு" என்கிறவருடைய கொமிஷன் அந்தக் கட்டணத்துக்குள்தான் இருக்கிறது.

## தென்னாசியப் பல்கலைக்கழகம், புது டெல்லி

சார்க் என்ற தென்னாசியக் கூட்டமைப்பின் நாடுகள் எட்டும் சேர்ந்து நடத்துவது. 2005 டாக்கா மாநாட்டில் இந்தியா முன்மொழிந்து, 2007 டெல்லி மாநாட்டில் ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2010 இல் வகுப்புத் தொடங்கியது. பல வருடம் வாடகைக் கட்டடத்தில் இருந்துவிட்டு இப்போது மைதான்கடியில் சொந்த வளாகம். ஒப்பந்தத்தின்படி அதன் பட்டம் எட்டு நாடுகளிலும் செல்லும். மேலே சொன்ன அங்கீகாரத் தலையிடி இங்கே மிகக் குறைவு, பிராந்திய ஒத்துழைப்பு என்று மேடைகளில் பேசுவது உண்மையிலேயே ஒரு மாணவருக்குப் பயன்படுகிற அரிதான இடம்.

ஆனால் உயர்தரம் முடித்தவருக்கு இது பெரிதாகப் பயன்படாது. நீண்டகாலம் முதுநிலையும் முனைவர் பட்டமும்தான் இருந்தன, பி.டெக். அண்மையில்தான் வந்தது. பொருளியல், கணினி விஞ்ஞானம், கணிதம், உயிர்த்தொழில்நுட்பம், சட்டம், சமூகவியல், சர்வதேச உறவுகள் என்று பாடங்கள். நுழைவுத் தேர்வு உண்டு. இலங்கைக்கென்று இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன, விண்ணப்பிக்கிற எங்கள் ஆட்களோ குறைவு, ஆகவே வாய்ப்பு நீங்கள் நினைப்பதைவிட நல்லது.

குறை என்னவென்றால் இது சார்க்கின் பிள்ளை, தாயோ படுக்கையில். கடைசி சார்க் உச்சி மாநாடு 2014 இல் காத்மாண்டுவில் நடந்தது, 2016 இல் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்தது கைவிடப்பட்டது, அதற்குப் பிறகு இல்லை. நாடுகளின் பங்குக் காசு, நிர்வாகம் எல்லாம் இந்த அரசியலுக்குள்தான் நடக்கின்றன. 2022 இல் உதவித்தொகையைக் கூட்டச் சொல்லி மாணவர்கள் போராடியதும், அதைத் தொடர்ந்து மாணவர் சிலர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டதும், அடுத்த வருடம் ஆசிரியர் நால்வர் இடைநிறுத்தப்பட்டதும் செய்தியில் வந்தவை. போகவேண்டாம் என்று சொல்லவில்லை. இங்கே முதல் பட்டம் முடித்துவிட்டு பொருளியலிலோ சர்வதேச உறவுகளிலோ மேலே படிக்க நினைப்பவருக்கு, நேபாளி, வங்காளதேசி, பூட்டானியோடு ஒரே வகுப்பில் இருக்கிற அனுபவம் வேறெங்கும் கிடைக்காது. உதவித்தொகை எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்று சேருவதற்கு முன் உறுதிப்படுத்துங்கள், அவ்வளவுதான்.

## இங்கேயே என்.வி.கியூ.

இதைக் கடைசியில் வைத்தது தரத்தில் கடைசி என்பதால் இல்லை. வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்கிறது, "கம்பஸ் கிடைக்கவில்லை, அதனால் ஏதோ கோர்ஸ் செய்கிறான்" என்று. அந்தக் குரலோடு எனக்கு உடன்பாடில்லை.

தேசியத் தொழில் தகைமை ஏழு மட்டங்கள் கொண்டது. நான்கு வரை தொழிற் சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். யாழ்ப்பாணம் உட்பட ஆறு இடங்களில் இருக்கும் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஐந்து, ஆறு படிக்கலாம். அங்கிருந்து இரத்மலானை தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில், யூனிவொடெக் என்று சொல்வார்களே, அங்கே பட்டத்துக்குப் போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம் ஜேர்மன் உதவியில் வந்தது, வாகனம், மின், இயந்திரம், உணவுத் தொழில்நுட்பம் என்று பட்டறையோடு கற்பிக்கிறது. பக்கத்திலேயே யாழ் பல்கலைக்கழகப் பொறியியல், விவசாய பீடங்கள், அவற்றின் கட்டடங்களுக்கு இந்திய நன்கொடை. இரண்டு வெளிநாடுகளின் காசு ஒரே ஊரில் எப்படி இரண்டு விதமாகப் போயிருக்கிறது என்று பார்க்க நல்ல இடம்.

நான் சொன்ன நாலாவது அளவுகோலில் இது மற்ற மூன்றையும் அடித்துவிடும். மூன்றாம் மட்டத்தோடு நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், நான்கோடு நிறுத்தினால் வேலைக்குப் போகலாம், பிறகு திரும்பி வந்து ஐந்தைத் தொடரலாம். ஏற்கெனவே கராஜில் ஐந்து வருடம் வேலை செய்தவர் வகுப்புக்குப் போகாமலே முன்னனுபவத்தை மதிப்பிடச் செய்து சான்றிதழ் எடுக்கலாம். செலவு மிகக் குறைவு, அரச நிறுவனங்களில் பெரும்பாலும் இலவசம்.

குறைகளும் உண்டு. ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே நல்ல பட்டறையும் இருக்கிறது, கரும்பலகை மட்டும் உள்ள வகுப்பும் இருக்கிறது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிறுவனம் பதிந்திருப்பது வேறு, அந்தக் கற்கைநெறி தர அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு, இரண்டாவது இல்லாவிட்டால் கிடைப்பது வெறும் நிறுவனச் சான்றிதழ்தான். ஏழாம் மட்டம் வரை ஏற நினைப்பவருக்கு இடங்கள் குறைவு, காத்திருப்பு நீளம், இடையில் கொழும்புப் பக்கம் போய் இருக்க வேண்டும். அப்புறம், பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு இருக்கிற மாதிரிக் கடல் தாண்டிச் செல்கிற ஏற்பாடு தொழிற்தகைமைக்கு அவ்வளவாக இல்லை. தென்னாசிய நாடுகள் பேராசிரியர்களைப் பரிமாறுவதில் காட்டிய அக்கறையில் பாதியை வெல்டருடைய சான்றிதழில் காட்டியிருந்தால் எவ்வளவோ பேருக்குப் பயன்பட்டிருக்கும். இந்தியாவிலோ மாலைதீவிலோ வேலைக்குப் போகிறவர் என்.வி.கியூ. காகிதத்தோடு தன் கைவேலையையும் காட்டித்தான் ஆக வேண்டும்.

இனி மேலே விட்ட இடம். ஐ.சி.சி.ஆர். முடிவுக்கோ வெட்டுப்புள்ளிக்கோ காத்திருக்கிற மாதங்களில் ஒரு நான்காம் மட்டத்தைத் தொடங்குவதில் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் எதற்காவது பதிவு செய்வதற்கு முன் விதியைப் பாருங்கள், அரச பல்கலைக்கழகமொன்றில் உள்வாரியாகப் பதிந்துவிட்டால் மறுபடி மானியங்கள் ஆணைக்குழு வழியாக வேறு பாடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. பிடிக்காத பாடத்துக்குச் சும்மா பதிந்து வைப்போம் என்று நினைப்பவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

## ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று

அரச திணைக்களத்திலோ பயிற்சி நிலையத்திலோ வேலை செய்துகொண்டு "எனக்கு இனி இதெல்லாம் இல்லை" என்று நினைப்பவர்கள் ஐடெக்கைப் பார்க்கலாம். இந்தியா 1964 இலிருந்து நடத்துகிற குறுகியகாலப் பயிற்சித் திட்டம், சில கிழமைகளிலிருந்து சில மாதங்கள் வரை, விமானச்சீட்டு, தங்குமிடம், கட்டணம் அவர்களுடையது. பட்டம் கிடையாது. உங்கள் நிறுவனம் உங்களைப் பரிந்துரைக்க வேண்டும், அந்தக் கடிதம் மேலதிகாரியின் மேசையில் எவ்வளவு காலம் கிடக்கும் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம், ஆகவே கற்கைநெறிப் பட்டியல் வந்த கிழமையிலேயே கோப்பைத் தொடங்குங்கள்.